நிழலைத் தேடிச் சென்ற மாணவன்: எர்த்சீக் கதை பற்றிய ஒரு நோக்கு

மந்திரவாதி, மாயக்கோல், பறக்கும் நாகம் என்று ஒரு கதை தொடங்குமாயின், கற்றோருட் பலர் அந்நூலை மூடிவைத்துவிடுவர். அத்தகைய கதைகள் பேரப்பிள்ளைகளைத் துயிற்றுதற்குப் பாட்டிமார் சொல்லத் தக்கனவேயன்றி, இலக்கியம் எனக் கொண்டு ஆராயத் தக்கன அல்ல என்பது அவர் துணிபு. விக்கிரமாதித்தன் கதையையும் மதனகாமராசன் கதையையும் பெட்டிக்கடை வாசலிலே நின்று வாங்கிப் படித்தவர்களே, பின்னர்ப் பட்டம் பெற்றதும் அவற்றைப் பழிப்பதில் முன்னிற்கின்றனர். இத்துணிபை எதிர்த்து வாதிடுவதினும், அவ்வகைக் கதைகளுள் சிறந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அஃது எதனாற் சிறந்தது, எவ்விடத்திற் குறையுடையது என்று காண்பதே பயனுடையதாகும்.

அத்தகைய நூல் ஒன்று அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா கே. லெ குவின் எழுதிய ‘எர்த்சீயின் மந்திரவாதி’ என்னும் நாவல். 1929ஆம் ஆண்டு கலிபோர்னியாவிற் பிறந்து 2018இல் மறைந்த இவ்வம்மையார், மானிடவியல் அறிஞர் அல்பிரட் குரோபரின் மகளாவார். இளையோர்க்கு ஒரு நூல் எழுதித் தருமாறு பதிப்பாளர் ஒருவர் கேட்டதன் பயனாக இந்நாவல் 1968இல் வெளிவந்தது. மந்திரவாதி என்றால் நரைத்த தாடியும் நெடிய அங்கியும் உடைய முதியவன் என்பதே அதுகாறும் மேனாட்டுக் கதைகளில் வழக்கு. அம்முதியவனும் ஒரு காலத்திற் சிறுவனாக இருந்திருப்பானன்றோ, அவன் அக்கலையை எங்கே, யாரிடம், எவ்வாறு கற்றான் என்னும் வினாவிலிருந்தே இந்நூல் பிறந்தது. மந்திரப் பள்ளிக்கூடம் என்றவுடன் இன்றைய மாணவர் 1997இல் தொடங்கிய ஹரி பொட்டர் கதைகளையே நினைப்பர். அவற்றுக்கு இருபத்தொன்பது ஆண்டுகள் முற்பட்டது லெ குவினின் பள்ளி.

கதை நிகழும் இடம் நிலம் குறைந்து கடல் மிகுந்த ஒரு தீவுக் கூட்டம். கோந்த் என்னும் மலைத்தீவில், வெண்கலக் கொல்லன் ஒருவனின் மகனாய்ப் பிறந்து, ஓராண்டு நிரம்புமுன்னரே தாயை இழந்து, ஆடு மேய்த்துத் திரிந்த சிறுவனே தலைவன். அவனுக்கு மூன்று பெயர்கள் உண்டு. தாய் இட்ட பெயர் ஒன்று. ஊரார் அழைக்கும் பெயர் மற்றொன்று: பருந்தினத்துச் சிறு பறவைகளை அழைத்துக் கையில் இருத்தியமையால் அவனை வல்லூறு என்றனர். மூன்றாவது, குரு அவன் காதில் உரைத்த மெய்ப்பெயர். மெய்ப்பெயரை அறிந்தவன் அப்பெயருக்குரியவனை ஆள வல்லவனாதலின், அதனை உயிர்த்தோழர்க்கன்றி எவர்க்கும் வெளியிடலாகாது என்பது அத்தீவுகளின் வழக்கு. அவ்வழக்கை மதித்து இக்கட்டுரையும் அவனை வல்லூறு என்றே வழங்கும். மேலும், அவன் மெய்ப்பெயரின் ஒலி தமிழ்ச் செவிக்குக் கேட்டினை நினைவூட்டுவது என்பதும் ஒரு காரணம்.

பெயரிலே ஆற்றல் உண்டு என்னும் இக்கொள்கை மேனாட்டு வாசகர்க்குப் புதுமையாகத் தோன்றியிருக்கலாம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நீளும் கிழக்குக் கரையில் வாழ்வோர்க்கு இதிற் புதுமை சிறிதுமில்லை. இரவிலே பாம்பைப் பாம்பென்று சொல்லாமற் பூச்சி என்பதும், அம்மை நோயை அம்மாள் வருத்தம் என்பதும், கணவன் பெயரை மனைவி வாய்விட்டுரையாத பழைய மரபும் ஒரே வேரிலிருந்து தோன்றியவை. அட்டாளைச்சேனையிலே காய்ச்சற்காரப் பிள்ளைக்குத் தண்ணீர் ஓதிக் கொடுக்கும் பெரியவர் கையாளும் ‘இஸ்ம்’ என்னும் அறபுச் சொல்லுக்குப் பொருளே பெயர் என்பதுதான். ஆதம் நபிக்கு இறைவன் பொருள்கள் அனைத்தின் பெயர்களையும் கற்பித்தான் என்றும், வானவர் அறியாத அப்பெயர்களை அவர் எடுத்துரைத்தார் என்றும் திருக்குர்ஆன் கூறுவதை அவ்வூர்க் குழந்தைகள் மதரசாவில் அமர்ந்து கேட்டிருப்பர். காரைதீவுக் குழந்தையோ ஐந்தெழுத்தின் பெருமை கேட்டு வளர்வது. ஆகவே இந்நாவலின் அடிப்படைக் கருத்து, இக்கரையின் இரு சமயத்தார்க்கும் வீட்டு முற்றத்துப் பொருளேயாகும். காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், ஷேக்ஸ்பியரின் நாடகங்களை நம்மரபு நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்து ‘மதங்க சூளாமணி’யை 1926இல் வெளியிட்டார். பிறமொழிப் படைப்பைத் தமிழ்க் கண்ணாற் காண்பது இந்நாட்டிற் புதிய வழியன்று.

வல்லூறின் முதல் ஆசிரியை அவனுடைய பெரியதாய். அவள் அவ்வூர்ச் சூனியக்காரி. ஆடுகளை அழைக்கும் சொல் ஒன்றை அவள் உரைப்பக் கேட்டு, பொருள் அறியாமலே அவனும் அதனைச் சொல்ல, ஆடுகள் கூடி நெருங்கி அவனை விட்டகலாது நின்றன. அழைக்க அறிந்தவன் விடுவிக்க அறிந்திலன். நாவலின் முழுக் கதையும் இச்சிறு நிகழ்ச்சியிலே விதைபோல் அடங்கியிருக்கின்றது. பின்னர், படையெடுத்து வந்த கார்க் நாட்டு வீரரை மூடுபனி வரவழைத்து மயக்கி ஊரைக் காக்கின்றான். அவன் புகழ் பரவுகின்றது. ஓகியன் என்னும் பெருமந்திரவாதி அவனைத் தேடி வருகின்றான்.

நன்னூற் பாயிரம் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறும். ஓகியனைக் காணுந்தோறும் இவ்வுவமைகள் நினைவில் எழுகின்றன. நிலநடுக்கத்தை அடக்கி மலையை அமைதியுறச் செய்தவன் அவன். ஆயினும் மழை பெய்யும்போது அதனை விலக்காமல் நனைந்துகொண்டே மரத்தடியில் துயில்பவன். மந்திரத்தால் மேகத்தை அப்பால் ஓட்டாதவன் என்ன மந்திரவாதி என்று மாணவன் மனம் புழுங்குகின்றது. பாடம் எப்போது தொடங்கும் என்று கேட்கின்றான். தொடங்கிவிட்டது என்று ஆசிரியன் உணர்த்தியும் அவனுக்கு விளங்கவில்லை. தாயுமானவர் தம் பாடலொன்றிலே அரிய சித்துகள் பலவற்றை அடுக்கிக் கூறி, அவையெல்லாம் கைகூடினும் மனத்தை அடக்கிச் சும்மா இருக்கும் திறமே அரிது என்று முடிப்பர். ஓகியன் அத்திறம் கைவந்தவன். லெ குவின் தமிழ்ச் சித்தர் நூல்களை அறிந்தார் எனக் கொள்வதற்கில்லை. அவர் உளம் தோய்ந்தது சீன நாட்டுத் தாவோ நெறியில். அந்நெறியின் மூலநூலை அவரே 1997இல் ஆங்கிலத்தில் தந்தார். இரு நாட்டு அறிவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தமை வியத்தற்குரியது.

அதே பாயிரம் மாணாக்கரையும் வகுக்கும். அன்னமும் பசுவும் போல்வார் தலை. மண்ணும் கிளியும் போல்வார் இடை. ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போல்வார் கடை. ஒரு செடியில் வயிறு நிரம்ப மேயாது, செடிதோறும் நுனி கடித்து ஓடுவது ஆட்டின் இயல்பு. ஆட்டிடையனாய் வளர்ந்த வல்லூறும் அவ்வியல்பினன். ஓகியனிடம் பொறுமையாகப் பயில மாட்டாமல், ஊர்ப் பெருமகன் மகள் ஒருத்தி இகழ்ந்து பேசியமைக்காக, இறந்தோரை எழுப்பும் ஏட்டைத் திருட்டுத்தனமாகப் புரட்டுகின்றான். அன்றே கதவருகில் ஒரு கரிய நிழல் அவன் கண்ணுக்குத் தென்படுகின்றது. இங்கேயே இருந்து கற்பதா, ரோக் தீவுப் பள்ளிக்குச் செல்வதா என்று ஓகியன் கேட்க, அவன் பள்ளியையே தெரிகின்றான். ஆசிரியன் தடுத்திலன். மாணவன் தவறான வழியைத் தெரிவு செய்கின்றான் என்று அறிந்தும், தெரிவு அவனுடையதேயென விட்டுவிடும் இவ்விடம், ஆசிரியத் தொழிலில் ஈடுபட்டோர் இருமுறை படிக்கவேண்டிய இடம். அட்டாளைச்சேனை ஆசிரியர்களைப் பயிற்றி அனுப்பும் ஊர்; அங்குள்ள கல்விக் கல்லூரி மாணவரிடையே இப்பக்கங்களை வைத்து ஒரு மாலைப்பொழுது விவாதிக்கலாம்.

ரோக்கில் ஒன்பது பேராசிரியர் உளர். அவருள் பெயர் கற்பிக்கும் ஆசிரியனைப் பற்றிய பகுதி சுவையானது. தனித்த கோபுரம் ஒன்றிலே அமர்ந்து, ஒவ்வொரு முனைக்கும் குடாவுக்கும் ஓடைக்கும் உரிய மெய்ப்பெயர்களை மாணவர் நாள்தோறும் பட்டியல் பட்டியலாக மனனஞ் செய்தல் வேண்டும். நள்ளிரவில் எழுத்துகள் ஏட்டிலிருந்து மறைந்துவிடும். நம் முன்னோர் திண்ணைப் பள்ளியிலே நிகண்டு நெட்டுருச் செய்த முறை இதுவன்றோ? நெட்டுரு அறிவைக் கொல்லும் என்று இக்காலக் கல்வியாளர் கூறுவர். அவ்வறண்ட பாடமே பின்னொரு நாள் அவன் உயிரையும் ஓர் ஊரையும் காப்பதை நாவலாசிரியர் காட்டுகின்றார். ஆயினும் அறிவுரையாக எங்கும் கூறிற்றிலர்.

சமநிலை என்பது ரோக்கில் எல்லா ஆசிரியரும் வற்புறுத்தும் பாடம். ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் வேறோரிடம் வறளும். இங்கே கடலை அமைதியாக்கினால் அங்கே புயல் எழும். நகர வாசகர் இதனைத் தத்துவமாகக் கொண்டு அப்பாற் சென்றுவிடுவர். அட்டாளைச்சேனையிலோ இது தத்துவமன்று. அவ்வூர்க்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். பெரும்போகத்துக்கு விதைத்தவன் மாரிமழை வேண்டி வானத்தை நோக்கிக் கைகளை ஏந்தும் அதே நாளில், வாடைக்காற்று ஓய்ந்து கடல் தணியாதா என்று வலைகாரன் கரையிலே காத்து நிற்பான். ஒருவனுக்கு அருளாவது மற்றவனுக்குப் பட்டினி. இருவரும் ஒரே தெருவினர். ஒரே பள்ளிவாசலில் அருகருகே நின்று தொழுவோர். காற்றை ஆளும் மந்திரம் அவ்வூரில் ஒருவன் கையில் அகப்படுமாயின், யாருக்காக அதனைச் சொல்வான்? ஓகியன் மழையில் நனைந்தமைக்குக் காரணம் இப்போது விளங்கும்.

இப்பாடம் வல்லூறின் செவியிற் புகுந்தது, நெஞ்சிற் புகவில்லை. ஜாஸ்பர் என்னும் உயர்குடி மாணவன் அவனை ஆட்டிடையன் என்று இகழ, அவ்விகழ்ச்சி புண்ணாகிப் பகையாகின்றது. ஏறக்குறையப் பதினைந்து வயதில், ஓரிரவு, நண்பர் தடுக்கத் தடுக்க, ஆயிரம் ஆண்டுகட்கு முன் இறந்துபோன பேரழகி எல்பாரனின் ஆவியை எழுப்பிக் காட்டுவேன் எனச் சூளுரைத்து அவ்வாறே எழுப்புகின்றான். உலகுக்கும் மறுமைக்கும் இடையே ஒரு கிழிசல் உண்டாகி, அதன்வழியே முகமற்ற கரிய உரு ஒன்று பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கின்றது. முதுபெருந் தலைவர் நெம்மர்ல் தம் உயிராற்றல் முழுவதையும் செலுத்தி அக்கிழிசலை மூடி, அதனாலேயே மாய்கின்றார்.

இந்நிகழ்ச்சியை ஆசிரியர் நடத்திய முறை பாராட்டத்தக்கது. மாணவன் செய்த பிழைக்கு ஆசிரியர் உயிர் கொடுத்தார், ஆனால் எவரும் அவனை வைதிலர், பள்ளியினின்று நீக்கினாருமிலர். குளிர்காலம் முழுவதும் நோயிற் கிடந்து எழுந்தவன், தன்னொத்த மாணவர் முன்னேறிவிட, திரும்பவும் கீழ்வகுப்பில் அமர்கின்றான். முகத்திலே வடு, நாவிலே தடுமாற்றம். ஒரு சொல்லால் உலகை அசைத்தவன் எளிய மந்திரமும் சொல்ல அஞ்சுகின்றான். குற்றத்துக்குத் தண்டனை வெளியிலிருந்து வராதபோது அது உள்ளே எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை இத்துணைச் சுருக்கமாகக் கூறிய இளையோர் நூல் அரிது. அவன் தோழன் வெட்ச் தன் மெய்ப்பெயரைத் தானாகவே அவனுக்கு வெளியிடுவதும் இவ்விடத்திலேதான். நம்பத்தகாதவன் எனத் தன்னைத் தானே வெறுத்திருந்தவனிடம் ஒருவன் தன் உயிரையே ஒப்படைத்தான் என்க. பள்ளியை விட்டு வெளியேறும் தேர்வும் சுவையானது: வாயிற்காப்போனாகிய ஆசிரியரின் மெய்ப்பெயரைக் கண்டறிதல் வேண்டும். எந்தத் தந்திரமும் செல்லாது என்று உணர்ந்தவன், தெரியவில்லை, தாங்களே கூறியருளுக என்று கேட்கின்றான். அவரும் கூறிவிடுகின்றார். அவ்வளவே தேர்வு.

இனிப் பறக்கும் நாகத்தின் கதை. மேனாட்டார் டிராகன் என வழங்கும் இவ்வுயிர், பெண்டோர் தீவைக் கைப்பற்றிப் புதையல்மீது கிடக்கின்றது. அயலிலுள்ள சிறு தீவுகளில் வாழும் மீனவர் அதற்கு அஞ்சி ஒரு மந்திரவாதியை வேண்ட, வல்லூறு அங்கே அனுப்பப்படுகின்றான். அவ்வூரில் தோணி கட்டுவோன் ஒருவன் அவனுக்கு நண்பனாகின்றான். அவனுடைய சிறு மகன் காய்ச்சலில் மரணப்படுக்கையிற் கிடக்கின்றான். புண்ணை ஆற்றுக, நோயைத் தணிக்க, செல்லும் உயிரையோ செல்ல விடுக என்பது ரோக்கில் மூலிகை ஆசிரியர் கற்பித்த நெறி. தந்தையின் அன்பும் தாயின் கண்ணீரும் கண்டு அந்நெறியை மறந்த வல்லூறு, இருள்நாட்டின் எல்லைவரை குழந்தையின் உயிரைத் தொடர்ந்து ஓடுகின்றான். குழந்தை மீளவில்லை. எல்லைச் சுவரருகே நிழல் அவனுக்காகக் காத்து நிற்கின்றது. முன்பு செருக்கினால் வரம்பு கடந்தான். இப்போது இரக்கத்தினால் கடந்தான். இரண்டுக்கும் ஒரே விளைவு. தன் உயிரைவிட்டுப் பிள்ளை உயிரைத் துரத்திச் செல்லத் துணியாத பெற்றோரில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் நாளைக் கண்ட அம்பாறைக் கரையிலே இப்பகுதியை வாசிப்போர் ஆசிரியர்மீது சினங் கொள்ளவும் கூடும். இரக்கத்தைச் செருக்கோடு ஒரே தட்டில் வைத்தது தகுமோ என்று அவர் கேட்பாராயின், நாவலில் அதற்கு விடையில்லை.

நிழல் தன்னை நெருங்குவதால் ஊருக்கும் தீங்கு வரும் என்றறிந்து, அவ்வூரை நீங்குமுன் ஊரார்க்குச் செய்யவேண்டிய கடனை முடிக்க அவன் தனியே பெண்டோருக்குச் செல்கின்றான். இளைய நாகங்கள் சிலவற்றைக் கொன்றபின் முதிய நாகம் எழுகின்றது. கோபுரத்தில் நெட்டுருச் செய்த பழம்பெயர்களும் பழஞ்சரித்திரங்களும் இங்கே துணையாகின்றன. இதுவே அந்நாகமாதல் வேண்டும் என ஊகித்து அதன் மெய்ப்பெயரைச் சொல்கின்றான்: யெவாட். நாகம் கட்டுண்டு நிற்கின்றது. ஆயினும் அது மூத்த அறிவுடைய உயிர்; பேரம் பேசத் தெரிந்தது. உன்னைத் துரத்தும் நிழலின் பெயரை யான் அறிவேன், என்னை விட்டுவிடு, உனக்குக் கூறுகின்றேன் என்கின்றது. தன் உயிரைக் காக்கும் ஒரே சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றது. ஆனால் பெயரின் பிடி ஒருமுறைக்கே போதும். வல்லூறு தனக்கென அதனைக் கேளாமல், நாகமும் அதன் மக்களும் இனி ஒருபோதும் மீனவர் தீவுகளின் பக்கம் பறவாதிருத்தல் வேண்டும் என்னும் ஆணையைக் கேட்டுப் பெறுகின்றான்.

சிறுவன் மனிதனானது இவ்விடத்திலேயே என்று கொள்ளல் தகும். விமரிசகர் பலர் இறுதி அதிகாரத்தையே பெரிதாகப் பேசுவர். அவ்வதிகாரம் தத்துவம் செறிந்தது என்பது உண்மையே. ஆனால் ரோக் மலைச்சாரலில் தன் பெருமையை நாட்டுவதற்காக ஒரு சொல்லைச் சொன்னவன், பெண்டோர்க் கடலில் தன் உயிரைக் காக்கவல்ல ஒரு சொல்லைக் கேளாமல் விட்டான். இவ்விரு செயல்களுக்கும் இடைப்பட்ட தூரமே அவன் வளர்ச்சி. வாளேந்தி நாகத்தைக் கொல்லும் மேனாட்டு வீரரின் பழங்கதைகளோடு இதனை ஒப்பிடுக. ஈழத்து முதல் தமிழ் நாவல் எனப் பலரும் கொள்ளும் சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ 1885இல் வெளிவந்தது. அதன் இளந்தலைவனும் பிறந்த இடம் விட்டுப் பெயர்ந்து பல நாடுகளில் அலைந்து வளர்பவனே. ஆனால் அவனை அலைக்கழிப்போர் வெளியிலுள்ள தீயோர். வல்லூறுக்கோ பகை அவன் அழைத்து வந்ததேயாகும்.

அதன்பின் வரும் ஒஸ்கில் தீவுப் பகுதி, பழைய தீக்கல் ஒன்றையும் செரெட் என்னும் அழகியையும் பற்றியது. விரைந்து எழுதப்பட்டது போலத் தோன்றுகின்றது. அங்கிருந்து அவன் பருந்துருக் கொண்டு தப்பிப் பறந்து ஓகியனிடம் வருகின்றான். நெடுநேரம் பறவையுடலில் தங்கியமையால் மனிதநினைவு மங்கி, பேச்சும் மறந்து, குருவின் கையில் வெறும் பறவையாய் அமர்கின்றான். கூடுவிட்டுக் கூடு பாய்தலைத் தமிழ் மரபும் அறியும். மேய்ப்பனை இழந்து கதறிய பசுக்களுக்கு இரங்கி மூலன் உடலிற் புகுந்த சிவயோகியார், தாம் விட்டுவைத்த உடலைப் பின்னர்க் காணாராயினார். திருமூலராகவே இருந்து திருமந்திரம் அருளினார். அவர் இழந்தது உடலே, அறிவு மங்கவில்லை. வல்லூறு உடலையன்று, தன்னையே இழக்கத் தொடங்கினான். சித்தி பெற்றோனுக்கும் மாணவனுக்கும் உள்ள வேற்றுமை இது.

ஓகியன் அவனைக் காப்பாற்றிக் கூறும் யோசனை ஒன்றே: ஓடாதே, திரும்பு, துரத்துவதைத் துரத்து. திரும்பிய கணமே நிழல் ஓடத் தொடங்குகின்றது. வெட்ச் துணைவர, உலகின் கீழ்க்கோடிக்கும் அப்பால், கடல் மணலாக இறுகிய இடத்தில் இருவரும் எதிர்ப்படுகின்றனர். நிழலின் பெயரை அவன் உரைக்கின்றான். அதே வேளையில் நிழலும் அவன் பெயரை உரைக்கின்றது. இரண்டும் ஒரே பெயர்.

சைவ சித்தாந்தம் பயின்ற வாசகர் இவ்விடத்தில் ஆணவ மலத்தை நினையாதிரார். ஆணவத்துக்கு இருள் என்றும் ஒரு பெயர் உண்டன்றோ? செருக்கிலிருந்து தோன்றி, உயிரை மறைத்து, உயிரோடு ஒட்டி நிற்கும் இந்நிழலை ஆணவம் எனக் கூறிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அவ்வாறு கூறுவது எளிது என்பதனாலேயே ஐயுறத்தக்கது. சித்தாந்தத்தின்படி ஆணவம் உயிரின் வேறாகிய பொருள். செம்பிற் களிம்புபோல் அநாதியே பற்றியது. அதன் வலியை ஒடுக்குவது திருவருள். லெ குவினின் கதையிலோ நிழல் வேறு பொருளன்று, அவனே அது. அதனை ஒடுக்குவாரும் இல்லை; அவனாகவே இரு கைகளாலும் தழுவி ஏற்கின்றான். வென்றானுமல்லன், தோற்றானுமல்லன். மேனாட்டார் இதனை யுங் என்னும் உளவியலறிஞரின் கொள்கையோடு பொருத்துவர். அவரைத் தாம் பின்னரே படித்ததாக ஆசிரியர் கூறியுள்ளார். ஆகவே எந்தக் கொள்கைக்கும் இக்கதையை உரையாக்குதல் பொருந்தாது. சித்தாந்தக் கண்ணாடி அணிந்து நோக்கும்போது புலப்படுவது ஒன்றுண்டு: இந்நாவலில் அருள் என்பது இல்லை. அதன் இடத்தை நட்பு நிரப்புகின்றது. ஏற்கும் செயல் அவனுடையதேயாயினும், படகில் வெட்ச் இல்லாதிருந்தால் வல்லூறு அந்த மணற்கடலிலிருந்து மீண்டிரான்.

குறைகளையும் கூறுதல் வேண்டும். பெண்ணின் மந்திரம் வலியற்றது, தீயது என்னும் பழமொழி கோந்தில் வழங்குவதாக நூல் கூறுகின்றது. கூறுவதோடு நில்லாமல் அதற்கேற்பவே நடக்கின்றது. ரோக் பள்ளியில் ஒரு மாணவியும் இல்லை. பெருமகன் மகளாகிய செரெட் அவனை மயக்கி வழிதவறச் செய்பவள். முதற் சொல்லைக் கற்பித்த பெரியதாயோ, அவன் ஓகியனுடன் புறப்பட்டபின் கதையில் இடம் பெற்றிலள். தாயற்ற பிள்ளைக்குத் தனக்குத் தெரிந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்த அவ்வேழைப் பெண்ணை, பட்டம் பெற்ற மாணவன் ஒருமுறையேனும் சென்று காணவில்லை என்பது உறுத்துகின்றது. ஊர்ப்புறத்துப் பள்ளிகளில் அரிச்சுவடி கற்பித்தவர்க்கு நேர்வதும் பெரும்பாலும் இதுவே. ஆசிரியரே பின்னாளில் இக்குறையை உணர்ந்தார். ‘டெஹானு’ என்னும் நான்காம் நூலை 1990இல் எழுதியபோது, தம் எர்த்சீ உலகைப் பெண்ணின் அடுக்களையிலிருந்து மீண்டும் நோக்கினார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துத் தன் பிழையைத் திரும்பிச் சென்று சந்தித்த எழுத்தாளர் அவர்.

மற்றொரு செய்தி நம் மாணவர் அறியத்தக்கது. வல்லூறு செம்மண் நிறத்தவன். அவன் தோழன் வெட்ச் கரியவன். வெண்ணிறத்தோர் கொள்ளையிட வரும் கார்க் நாட்டினர். 1968இல் அமெரிக்காவில் இவ்வாறு எழுதுவதற்குத் துணிவு வேண்டும். 2004இல் இக்கதையைத் தொலைக்காட்சித் தொடராக்கியோர் தலைவனை வெள்ளையனாக மாற்றியபோது ஆசிரியர் வெளிப்படையாகக் கண்டித்தார். நிறம் அவருக்கு அலங்காரமாக இருந்ததில்லை.

இந்நூலிலிருந்து ஒரே ஒரு பகுதியை வகுப்பறையில் வாசிக்க இடமுண்டாயின், நாகத்தையும் நிழலையும் விட்டு, கடலோர ஊர் ஒன்றில் வல்லூறு படகு பெறும் பகுதியை வாசிக்கலாம். நிழலைத் தேடிப் புறப்பட்டவனிடம் படகு வாங்கப் பணமில்லை. முதிய மீனவன் ஒருவனிடம் பழம்படகு ஒன்று கிடக்கின்றது. அவன் கண்களிலோ வெண்படலம் படர்ந்திருக்கின்றது. வல்லூறு அப்படலத்தை நீக்கிப் பார்வை தருகின்றான். கிழவன் படகைத் தருகின்றான். அதற்குத் தான் இட்டிருந்த பெயரை மாற்றித் தொலைநோக்கி எனப் பெயரிடுமாறும், முன்னணியத்தின் இருபுறமும் கண்கள் எழுதுமாறும் வேண்டுகின்றான். அக்கண்கள் வழியாகத் தன் நன்றி அவனுக்குக் கடல் பார்த்துக் கொடுக்கும் என்கின்றான். அன்று தொட்டு அப்படகு அப்பெயருடனேயே செல்கின்றது.